ராணியின் அண்ணன் படியேறுகிறான்

இன்று மாலை ரிமோட்டைக் கையில் எடுத்தேன். நீர் அதற்குச் சுற்றிவைத்த பொலித்தீன் உறை இன்னும் கழலவில்லை. கடற்காற்றில் உப்புப் பிடித்துப் பொத்தான்கள் இறுகிவிடும் என்று, சீலை வாங்கிவந்த பையை வெட்டிச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவைத்தீர். ஒரேயொரு பொத்தானின் மேல் மட்டும் பொலித்தீன் தேய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. செய்தி கேட்கலாம் என்று அந்தப் பொத்தானைத்தான் நானும் அமத்தினேன். வந்தது உம்முடைய ராசா நாடகம். அறுவான்கள் அதைத் திரும்பவும் போடுகிறார்கள்.

நிறுத்தத்தான் போனேன். ஆனால் திரையில் கோட்டை வாசல். ராணியின் அண்ணன் பாதரட்சையைக் கழற்றிவிட்டுப் படியேறத் தொடங்கினான். நீர் பார்த்துப் பார்த்து அழுத அதே படி. உம்முடைய கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

உமக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. போய்ப் பார்த்துவந்து சொல்லச் சொல்லி என்னை அனுப்பினவர் நீர்தான். சேமக்காலைக்கு வந்து உம்முடைய கல்லறைத் தலைமாட்டில் நிற்கிறேன், வாய் திறபடுகிறதில்லை. மெழுகுதிரியைக் கொளுத்திவைத்துவிட்டு, காற்று அதை அணைக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எழுதினாலாவது சொல்லி முடிப்பேனா என்று பார்க்கிறேன்.

உள்ளதைச் சொன்னால், அந்த நாடகத்தை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. மலைக்கோட்டை ராசா ஒருவன். கடற்கரை நாட்டு ராசகுமாரி ஒருத்தி. சண்டைக்கு வந்த ராசாவையே விரும்பி, தகப்பனையும் தமையனையும் விட்டுவிட்டு அவனோடு மலையேறிவிடுகிறாள். அவனுக்கு மீன் மணமே ஆகாது. அவளுக்குக் கடலைக் காணாவிட்டால் நித்திரை வராது. அவன் கும்பிடும் சாமி வேறு, அவள் கும்பிடும் சாமி வேறு. தமையன்காரன் வாளை நிலத்தில் குத்தி, இனித் தனக்குத் தங்கையே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறான். இவ்வளவுதான் கதை. இதை வருடக்கணக்கில் இழுத்தார்கள். ஒருத்தி ஒரு கேள்வி கேட்டால், நிற்கிற அத்தனை பேரின் முகத்தையும் காட்டி, இடி இடித்து, மறுமொழி வர அடுத்த நாளாகிவிடும்.

"கடற்கரை ராசகுமாரியாம். கையில ஒரு செதிலாவது ஒட்டியிருக்கே, பாரும்," என்பேன். "தோணி தள்ளின கையே அது?"

"இஞ்சாருங்கோ, வாயை மூடிக்கொண்டு பாருங்கோ. ஏலாட்டி வெளியில போய் வலையைப் பாருங்கோ," என்பீர்.

நான் போனதில்லை. நாடகத்தைப் பழிக்கிறதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட விடாமல் பார்த்தேன். நாடகம் பார்க்கும் உம்மைப் பார்க்கத்தான் இருந்தேன் என்பது உமக்கும் தெரியும். "மச்சம் தின்னாத ராசா, மீன் தின்னுற ராணி. எங்கட வீட்டில அது மாறிப்போச்சு. நான்தான் ராசா, நீங்கள்தான் ராணி," என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, நிறுத்த ஏலாமல் சிரித்தீர். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதே "மீசைக்கார ராணி, வாங்கோ" என்றுதான். என்னுடைய தோழன் மரியதாஸ் அதைக் கேட்டுவிட்டுக் கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

நீர் வேலணை, சைவக்காரர், வயலும் பனங்காணியும் உள்ள வீடு, கோயிலில் ஒரு நாள் திருவிழாவே உங்கள் குடும்பத்து உபயம். நான் ஊர்காவற்றுறைக் கடற்கரையில் ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரன், மீன்பிடிகாரன். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நான் மீன்பெட்டியோடு ஏற, கொண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினான். சனம் மூக்கைப் பொத்தியது. நீர்தான் சீலைக்கரையை ஒதுக்கி, காலை மடக்கி, "இஞ்ச வையுங்கோ. மீன் என்ன, கடிக்கவே போகுது?" என்றீர். பண்ணைப் பாலம் வரும்வரை நான் உம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னுடைய சீவியத்தில் நான் பட்ட பெரிய பாடு அதுதான்.

பதிவுக் கலியாணம். உம்முடைய அண்ணன் வாள் ஒன்றும் குத்தவில்லை, சத்தமும் போடவில்லை. "இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றுவிட்டு வேலிப் படலையைச் சாத்தினார். சின்ன வயதில் உமக்குக் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்தபோது, ஒருவரையும் கிட்ட விடாத அறையின் வாசலில், பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தவர் அவர்தான் என்று நீர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர். அந்த ஆள்தான் படலையைச் சாத்தினார் என்பதை நீர் கடைசிவரை நம்பவில்லை. படலைக்குப் பின்னால் இன்னும் நிற்கிறார் என்றே எண்ணினீர்.

ஒரே தீவு, ஒரே றோட்டு. பட்டணம் போகும் ஒவ்வொரு முறையும் பஸ் உங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்று யன்னலோரம் பிடித்து இருப்பீர். தலையைத் திருப்பமாட்டீர். கண் மட்டும் போய்வரும்.

கலியாணம் முடித்த கிழமை நான் சந்தையில் ஒரு புதுச் சட்டி வாங்கிவந்தேன். "இது உம்மட சைவச் சட்டி. இதில மச்சம் படாது," என்றேன். குசினித் தட்டில், பிள்ளையார் படத்துக்குக் கீழே அதைக் கவிழ்த்து வைத்தீர். நாடகத்தில் ராசா தன் மாளிகையில் ராணிக்கென்று ஒரு மீன் சமையற்காரனை வைத்த அன்று, நீர் நாடகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றீர். கண் நிறைந்திருந்தது.

உம்முடைய ஐயா செத்த செய்தி, மீன் வாங்க வந்த ஒருவரின் வாயால்தான் நமக்கு வந்தது. சொல்லி அனுப்ப அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. நீர் அழவில்லை. எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்தை ஒரு வெள்ளைத் துணியால் மூடினீர். உரித்துக்காரர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை சைவக்காரர் காக்கும் துடக்கு: கோயிலுக்குப் போகக்கூடாது, சாமிக்கு விளக்கு வைக்கக்கூடாது, நல்லகாரியத்தில் நிற்கக்கூடாது. படலைக்குள்ளேயே விடாத வீட்டுக்கு, வேதக்காரன் வீட்டுக் குசினியில் இருந்து நீர் துடக்குக் காத்தீர்.

"ஆர் பாக்கப் போகினம்?" என்று கேட்டேன்.

"ஆரும் பாக்கிறதுக்கே காக்கிறது? நான் அவருக்கு மகள் எண்டதுக்கு இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றீர்.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஹோலுக்குள் இழுத்துப்போட்டேன், நாடகம் பார்க்க. ஆனால் ஒரு நாள் நீர் அடம்பிடித்துக் கதிரையில்தான் இருந்தீர். அன்றுதான் ராணி காய்ச்சலில் கிடக்க, அவளுடைய அண்ணன் கப்பலில் வந்து இறங்கி, வெறுங்காலோடு மலைக்கோட்டைப் படி ஏறினான். நீர் விக்கி விக்கி அழுதீர்.

"பாத்தீங்களே? வந்திட்டான்."

"நாடகத்தை முடிக்கவேணுமெல்லே. கொண்டுவந்து இறக்கியிருக்கிறாங்கள்," என்றேன்.

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தீர். பிறகு சொன்னீர்: "எங்கட அண்ணை வரமாட்டார். அது எனக்குத் தெரியும். நான் என்ன விசரியே? ஆனா துடக்குக் காப்பார். திருவிழா கிட்ட வருது. நான் அதுக்குள்ள போனா, அண்ணை கோயிலடிக்குப் போகமாட்டார். உபயத்தை வேற ஆரிட்டயேன் குடுத்திட்டு வீட்டில இருப்பார். அது காணும் எனக்கு. நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லவேணும்."

"விசர்க்கதை கதையாதையும். செத்த ஆளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"உங்கட சேமக்காலையில வந்து சொல்லுங்கோ. நான் வேற எங்க போகப்போறன்?"

கோயிலில் கொடியேறிய கிழமையே நீர் போய்விட்டீர். உம்முடைய அண்ணனிடம் நேரே போய்ச் சொல்லவேண்டிய செய்தி என்று மரியதாஸை மோட்டார் சைக்கிளில் வேலணைக்கு அனுப்பினேன். வந்து சொன்னான்: "படலையடியில நிண்டு தோரணம் பின்னிக்கொண்டிருந்தவர். சொன்னனான். கையில இருந்த குருத்தோலையை நிலத்தில வைச்சிட்டு உள்ள போயிட்டார்."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஓலையை வைச்சிட்டார்."

ஓலையை நிலத்தில் வைத்துவிட்டார்! அதைப் பிடித்துக்கொண்டேன். திருவிழாத் தோரணத்தைத் துடக்குக்காரன் தொடக்கூடாது அல்லவா. உம்மைப் பெட்டிக்குள் வைக்கும்போது உம்முடைய காதுக்குள் அதைச் சொன்னேன். நீர் ஞானஸ்நானம் எடுக்காதவர். என்றாலும் எங்கள் பங்குச் சுவாமி சேமக்காலையில் இடம் தந்தார், வேலிக்கரையோடு. செத்தவீட்டுக்கு உம்முடைய ஆட்கள் ஒருவரும் வரவில்லை. றோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட நேரமெல்லாம் நான் தலையை நிமிர்த்தினேன். நீர் சொன்னது சரிதான், அவர் வரமாட்டார். ஆனால் ஓலையை வைத்துவிட்டாரே என்று திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் உபய நாளன்று பஸ் எடுத்துப் போனேன். கோயில் வெளிவீதியில், கச்சான் கடலை விற்கிற ஒரு பெண்ணின் கடையோரமாக ஒதுங்கி நின்றேன். மேளம் கேட்டது, சனம் விலகியது. சாமிக்கு முன்னால் பட்டு வேட்டி, வெறும் மேல், நெற்றியும் மார்பும் நிறைந்த விபூதி, கையில் பூத்தட்டு. உம்முடைய அண்ணன்.

குருத்தோலையை ஏன் நிலத்தில் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கை நொந்திருக்கலாம். தாகம் எடுத்திருக்கலாம்.

என்னைக் கண்டார். கண்டுவிட்டு, தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று தேடினேன். கோபம் இருந்திருந்தால் உமக்கு அதையாவது கொண்டுவந்து தந்திருப்பேன். ஒன்றும் இல்லை. வெயிலுக்குச் சுருங்கிய கண், அவ்வளவுதான். கத்தவேண்டும் போல இருந்தது. "உன்ர தங்கச்சி செத்துப்போனாள், இஞ்ச என்ன செய்யிறாய்?" என்று கேட்கத்தான் முன்னால் ஓரடி வைத்தேன்.

கச்சான்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமி வருது அண்ணை, கும்பிடுங்கோ," என்றாள்.

"எனக்குத் துடக்கு, பிள்ளை," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது.

"ஆருக்கு?"

"மனுசிக்கு."

"ஐயோ! அப்ப என்னத்துக்கு இஞ்ச வந்தனீங்கள்? தள்ளிப் போங்கோ, அங்கால போங்கோ!" என்று கடகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் மேல் பிழையில்லை. அந்த வீதியிலேயே நீர் செத்ததை மதித்து ஒரு வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். நான் பஸ் றோட்டுவரை நடந்துவந்தேன். திரும்பி வரும்போது உம்முடைய யன்னலோரத்தில் இருந்தேன். ஒழுங்கை முகப்பில் வாழை கட்டியிருந்தார்கள்.

வந்து பிள்ளையார் படத்தை மூடினேன், நீர் முன்னொரு தரம் மூடிய அதே துணியால். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலுக்குப் போய், உள்ளே போகாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். பூசை முடிந்து சுவாமி வெளியே வந்தார்.

"ஏன் உள்ள வரேல்லை?"

"எனக்குத் துடக்கு, சுவாமி."

"எங்கட வேதத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே."

"எனக்கில்லைத்தான். இது அவவின்ர அண்ணை காக்கவேண்டியது. அந்தாள் காக்கேல்லை. ஆரேன் ஒராள் காக்கவேணுமெல்லே, சுவாமி."

அவர் என் தோளில் கையை வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இப்போது திரையில் அண்ணன்காரன் ராணியின் கட்டிலடியில் முழங்காலில் இருந்து கஞ்சி பருக்குகிறான். ராசா வாசலில் நிற்கிறான், உள்ளே வராமல். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிடும். எனக்குத் தெரியும், நாம் பார்த்ததுதானே.

வழக்கப்படி என்னுடைய துடக்கு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது தானாக முடியாதாமே. அந்தியேட்டி செய்யவேண்டும், ஐயர் வந்து வீட்டுக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும், உரித்துக்காரர் ஒருவர் நின்று கழிக்கவேண்டும். மூடிய படத்தை யார் திறப்பது என்று நீர் சொல்லித்தராமல் போய்விட்டீர். கடலுக்குப் போகிறேன், பிடிக்கிறேன், விற்கிறேன்; வீட்டுக்கு ஒரு மீன் கொண்டுவருவதில்லை. உம்முடைய சைவச் சட்டியில்தான் சமையல். மீசைக்கார ராணி இப்போது முழுச் சைவம். கேட்டால் சிரிப்பீர்.

நீர் பார்த்துவரச் சொன்ன செய்தி இதுதான். அண்ணை காக்கவில்லை. நான்தான் காக்கிறேன். எப்போது விடலாம் என்று சொல்ல எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.