கட்டில் உயர வளைவு

செவ்வாய்
எங்கள் புலம்பெயர் ஊரான டண்டினொங்கில் ஆலங்கட்டி மழை. கார்க் கூரைமேல் பீரங்கித் தாக்குதல்.

எதிரி நிலவரம்: மனைவி பிலோமினாவின் (இனிப் பி.) தம்பி அருளப்பு இன்னும் எங்கள் பின்னறைக் கட்டிலில். தொழிற்சாலையில் சரக்கு சரிந்து இடுப்பு நொறுங்கி ஆறு கிழமை. அசையக் கூடாது. என்னோடு பேச்சில்லாமல் ஆறு வருடம். ஒரு விருந்தில் ஆட்டுத்தலை யாருக்கு என்ற போரில் அவன் முன்பல்லை உடைத்தவன் நான். அதுதான் மூன்றாம் உலகப் போர்.

ஞாயிறு அவன் மகள் டிலானிக்கு எங்கள் ஹோலில் கலியாண எழுத்து, பதிவாளர் வீட்டுக்கே வருகிறார். கட்டில் கதவால் வராது. நாலு தரம் அளந்தேன். தகப்பன் சுவருக்குப் பின்னால் கிடந்து சத்தம் மட்டும் கேட்கலாம். நேற்று அழுதானாம். எனக்கென்ன.

புதன்
வெயில். பக்கத்து வீட்டு சால்வோ, இத்தாலியர், கல் கட்டி ஓய்வுபெற்ற மேசன். வேலிக்கு மேலால் தன் ஊர் ஆஸ்பத்திரிக் கோயிலின் படங்கள் காட்டினார். எழுநூறு வருடக் கல். நோயாளர் கிடக்கும் நீண்ட வாட்டு. ஒரு கட்டிலில் மூன்று பேர். மயக்க மருந்தில்லாமல் கால் அறுப்பு. கோடியில் பெரிய வளைவு, அப்பால் பூசைப் பீடம். கிடந்தபடியே பூசை காணலாம். சுவரில் உயிரோடு தோல் உரிபடும் புனிதர். கொள்ளைநோய்ப் பிணங்கள் தரைக்குக் கீழே அடுக்கடுக்காக. படை புகுந்தபோது இரத்தம் முழங்கால் வரை. (பி.க்கு இடுப்பு வரை என்றேன்.)

வளைவு. வளைவு!

வியாழன்
பி. கடைக்கு. பின்னறைக்கும் ஹோலுக்கும் நடுச்சுவரைச் சால்வோ தட்டிப் பார்த்தார்: கூரை தாங்கும் சுவரல்ல. பெரிய சுத்தியல். எழுநூறு வருடக் கல்லென நினைத்து ஓங்கினேன். வெறும் ஜிப்சம் பலகை. சுத்தியல் சுவரைக் கிழித்து, கையை விட்டுப் பறந்து, ஹோலில் பி.யின் கண்ணாடி அலுமாரிக்குள். சீதனக் கோப்பைகள் பன்னிரண்டும் பலி. அருளப்பு தூளில் வெள்ளைப் பேய்.

டிலானி: "மாமா, ஆர் யூ சீரியஸ்?"

பி.: "என்னப்பா, விசர் பிடிச்சிட்டுதோ? எழுத்து முடியட்டும், உம்மையும் தரைக்குக் கீழ அடுக்கிறன்."

சனி
இரண்டு நாளாக மரச்சட்டம் அறுப்பு. பெருவிரல் நகம் போயிற்று. வளைவு முடிந்தது, அடி என் நெஞ்சு உயரத்தில். முன்னால் நின்றேன், அரசனைப்போல்.

சால்வோ வந்தார். என் பிடரியைப் பிடித்து, தலையணையில் அருளப்புவின் தலைக்குப் பக்கத்தில் அமுக்கினார். அங்கிருந்து தெரிந்தது: ஹோல் மின்விசிறி. வேறொன்றுமில்லை.

"நிற்கிறவன் கண்ணுக்குக் கட்டியிருக்கிறாய், கழுதை! கிடக்கிறவன் கண்ணுக்குக் கட்டு."

அருளப்பு அந்த விசிறியைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறான். என்னிடம் சொல்லமாட்டான். செத்தாலும் சொல்லமாட்டான்.

ஞாயிறு
மழை. பதிவாளர் பத்து மணிக்கு. எட்டுக்குச் சுவரின் கீழ்ப்பாதியைக் கொல்லத் தொடங்கினேன். கோடரி, உதை, முழங்கால். வேட்டியில் இரத்தம் (என்னுடையது, ஒரு குடம்). ஒன்பது ஐம்பதுக்கு வளைவின் அடி கட்டில் உயரத்தில். பட்டுச் சேலைகள் எல்லாம் இருமல்.

டிலானி கதிரையை வளைவுக்கு நேரே இழுத்துப் போட்டாள். பேனை கையில். திரும்பினாள்.

"அப்பா, தெரியுதோ?"

"ஓம் பிள்ளை. கையெழுத்தை வை."

வைத்தாள். அவன் கன்னத்துத் தூளில் இரண்டு கோடு. பிறகு கண் என் பக்கம் வந்தது.

"அத்தான், உங்கட வளைவு கோணல்."

பல்லில்லாத இடம் தெரியச் சிரிப்பு வேறு.

நாளைக்கு மற்றப் பல்லையும் உடைக்க வேண்டும்.