விழுந்த கற்பூரத் தட்டு

திருவண்ணாமலை
12.3.1992

அன்புள்ள தனத்துக்கு,

நலம். நீயும் குழந்தை நிலாவும் நலம்தானே? அம்மா வீட்டுச் சாப்பாட்டில் இருவரும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பீர்கள்.

நான் குடிப்பதில்லை என்று இன்னும் எத்தனை தடவை எழுதுவது? கடையில் டீ ஆற்றும்போது கை தானாக எகிறுகிறது. நடந்தால் தள்ளாடுகிறது. கோபம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. குடித்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். வந்துவிடு, தனம்.

உன்
காசி

கீழ்பென்னாத்தூர்
20.3.1992

நிலாவின் அப்பாவுக்கு,

நலம். நிலாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, உங்களைக் கேட்டபடியே இருக்கிறாள்.

குடிக்கவில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வந்தீர்கள். சொல்லி முடிப்பதற்குள் தட்டு கையிலிருந்து விழுந்தது. "பொய் சத்தியம், அதான் ஆத்தாளே தட்டி உட்டுட்டா" என்று ஊரே சொல்கிறது. நான் யாரை நம்புவது? குடியை விட்டபின் எழுதுங்கள்.

தனம்

திருவண்ணாமலை
5.8.1992

அன்புள்ள தனத்துக்கு,

தங்கை உண்ணாமலை என்னை வேலூருக்கு அழைத்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். ஹண்டிங்டன் என்று ஒரு நோயாம். மூளை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுமாம். பரம்பரையாக வருவதாம். குடிகாரன் என்ற பெயரோடு செத்தாரே என் அப்பா, அவரும் குடிக்கவில்லை, தனம். அதை நினைத்துத்தான் அழுதேன்.

நிலாவுக்கும் வர பாதி வாய்ப்பு இருக்கிறதாம். இதை எழுத மனசு வரவில்லை. நீ வர வேண்டாம். நான் போகப்போக மோசமாவேன்.

காசி

கீழ்பென்னாத்தூர்
14.8.1992

நிலாவின் அப்பாவுக்கு,

வர வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். கண்ணாடி கிளாஸையெல்லாம் பரண்மேல் எடுத்து வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் கொண்டுவருகிறேன்.

தனம்

சென்னை
2.9.2007

நிலாவின் அப்பாவுக்கு,

போனில் என் குரல் கேட்டாலே பேச்சு வராமல் அழுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். உண்ணாமலை, மெதுவாகப் படித்துக் காட்டு. நான் நிலாவிடமிருந்து திரும்பி வரும்வரை சோற்றைக் குழைவாகப் பிசைந்து ஊட்டு, இல்லாவிட்டால் அவருக்குப் புரையேறும்.

நிலாவோடு வேலை செய்யும் வளவன் நேற்றுத் தன் பெற்றோரோடு பெண் கேட்டு வந்தான். நான் தயங்குவதற்குள் நிலாவே உங்கள் நோயைச் சொல்லிவிட்டாள். தனக்கும் வரலாம், பரிசோதனை செய்துகொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னாள். வளவன், "எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாம்மா" என்றான். அவன் அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "இத்தனை வருசமா எப்படிங்க பாத்துக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். என் சமையலை இன்னும் நீங்கள் கண்ணாலேயே கிண்டல் செய்வதையும் சொன்னேன். சிரித்துவிட்டார். சம்மதமாம்.

ஐப்பசியில் நம் வீட்டில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற வேறு யாராவது நிற்கட்டும் என்று நாலு பேர் சொல்வார்கள். விடமாட்டேன். பெண்ணின் அப்பா நீங்கள், தட்டை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். கை எகிறினால் எகிறட்டும். இந்தத் தடவை தட்டுக்குக் கீழே என் கை இருக்கும்.

உங்கள்
தனம்