மழைக்கு மறுநாள் எடுத்த அளவு

டிசம்பர் 2, 2024

நேற்று மாலை பிடித்த மழை விடியற்காலையில்தான் விட்டது. "மழையைப் பாத்தா உனுக்கு வாயெல்லாம் பல்லு" என்று என் மனைவி கிருபாபாய் கிண்டல் செய்தாள். இருக்காதா? மூன்று வருஷமாக வேர்க்கடலைதான், அதிலும் பாதி காட்டுப்பன்றிக்கு. மகள் பிளெஸ்ஸியின் கல்யாணத்தை லெந்து நோன்பு நாள் முடிந்து ஏப்ரல் கடைசியில் வைத்திருக்கிறோம். சொந்த நெல்லில் பந்தி போட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

டிசம்பர் 3

அளவெடுத்தேன். ஊர்த் தண்ணீர் சங்கத்தில் அது என் வேலை. காலையில் கரண்ட் வருவதற்கு முன், ஒரு மோட்டாரும் ஓடாத நேரத்தில், என் நிலத்து ஓரம் அளப்பதற்கென்றே போட்ட அளவு போர்வெல்லில் டேப்பை இறக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் சத்தம் கொடுக்கும். எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று பால் சென்டர் சுவரில் எழுத வேண்டும். நாற்பதுக்குள் இருந்தால் நெல் போடலாம். தாண்டினால் கடலையோ கேழ்வரகோதான். இது எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு.

போன மாதம் நாற்பத்து நாலு. இன்று முப்பத்து மூன்று. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 4

மழை விட்டு எட்டு நாள் கழித்துத்தான் அளக்க வேண்டும். அளவு போருக்குப் பக்கத்திலேயே மழைத்தண்ணீர் இறங்கும் குழி இருக்கிறது. குழித் தண்ணீர் போருக்குள் வந்து நிற்கும். நிலத்தடியில் உண்மையாக இருக்கிற தண்ணீர் அது இல்லை. எங்கள் ஊர் ஆந்திரா பக்கம் என்பதால் பயிற்சியில் தெலுங்கில் சொன்னார்கள். அதை மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவனே நான்தான்.

ஆனால் பொய் எழுதவில்லையே. டேப் காட்டியதைத்தானே எழுதினேன்?

டிசம்பர் 6

பாப்பாத்தி பால் ஊற்ற வந்தாள். பக்கத்து நிலத்துக்காரி. ஒரு ஏக்கர், முந்நூறு அடி போர், இரண்டு மாடு. புருஷன் தடாவில் கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான். நிலம் முழுக்க இவள் பாடுதான்.

"அண்ணே, முப்பத்தி மூணுன்னு போட்டுக்கீறியே. நம்பி நெல்லு போட்லாமா? என்னுது சின்ன போரு."

"செவுத்துலதான் இருக்குதேம்மா."

போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரிய கெட்டிக்காரன்.

டிசம்பர் 11

யாருக்கும் சொல்லாமல் மறுபடி அளந்தேன். நாற்பத்து மூன்று.

சுவரில் இருப்பதை அழிக்கத்தான் போனேன். அங்கே சங்கத் தலைவர் கங்கையா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர் நாற்று விட்டாகிவிட்டதாம், பாப்பாத்தியும் சேர்த்து. ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் ஊரே சிரித்த முகமாக இருந்தது. நானும் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 9, 2025

நடவு முடிந்தது. என்னுடையதும், அவளுடையதும்.

பிப்ரவரி 19

பாப்பாத்தி வந்தாள். "அரைமணி நேரம் தண்ணி வர்து அண்ணே, அப்பறம் வெறும் காத்துதான். இன்னா பண்றதுன்னே தெர்ல."

என் போர் எண்ணூற்று ஐம்பது அடி. அவள் போருக்கு நாற்பது கஜம் தள்ளி நின்று இழுத்துக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கு என் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"உனுக்குப் புண்ணியமா போவும்" என்றாள். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 22

கதிரில் பால் பிடிக்கும் நேரம். கரண்ட் இருக்கிற ஒன்பது மணி நேரமும் ஓட்டி என் கழனிக்கே பத்தவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்கு விடலாம்தான். விட்டால் என்னுடையதில் பாதி பதராகும். விடவில்லை.

இன்று பாப்பாத்தி மாடுகளை அவிழ்த்து அவள் நெல்லுக்குள் விட்டாள். அதுங்க மேய்கிற சத்தம் என் வரப்பு வரைக்கும் கேட்டது. அவள் அழவில்லை, தலையில் துணியைப் போட்டுக்கினு ஓரமா உக்காந்துக்கினு இருந்தா. நான் என் மோட்டாரை நிறுத்தக்கூட இல்ல — என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 16

அறுத்தாயிற்று. இருபத்திரண்டு மூட்டை.

"புது அரிசி குழையும், பந்திக்கு ஆவாது" என்றாள் கிருபாபாய். ஆகும் என்று கத்திவிட்டேன். அவள் என்ன தப்பு செய்தாள்?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சர்ச்சில் மதியம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை. எங்கள் சபைப் போதகர் ஐயரின் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை; கண்ணுக்குள் பால் சென்டர் சுவர்தான் நின்றது. முடிந்ததும் நேராகப் பாப்பாத்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மழைக்கு மறுநாள் அளந்தது, குழித் தண்ணீர், பிறகு பார்த்த நாற்பத்து மூன்று, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பாரம் இறங்கும் என்ற சுயநலமும் இருந்தது.

சாணிக் கையை வாளித் தண்ணீரில் கழுவினாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லிக்கினு இருக்கறே. பன்னெண்டு பேரு போட்டாங்களே. அவுங்களுக்கு யாரு சொல்றது?"

"கல்யாணம் முடியட்டும்மா."

"சரி, முடியட்டும்."

ஏப்ரல் 30

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சோறு குழையவில்லை. எங்கே வாங்கின அரிசி என்று கேட்டவர்களிடம் கிருபாபாய்தான் பெருமையாகச் சொன்னாள். பாப்பாத்தி வந்தாள், பிளெஸ்ஸிக்குப் பூ வைத்துவிட்டாள், கிளம்பிவிட்டாள்.

"ஏன் நைனா, அத்தை துன்னாமயே போவுது?"

கேட்ட பிளெஸ்ஸியை மாப்பிள்ளை பக்கம் அனுப்பிவிட்டு இலை எடுக்கப் போனேன். நானும் பந்தியில் உட்காரவில்லை.

மே 5

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பன்னிரண்டில் ஏழு பேருக்குப் போர் காய்ந்திருக்கிறது. சிட்டிபாபு அடிக்க வந்தான். அவனுக்குப் போனது ஒன்றரை ஏக்கர். யாரும் தடுக்கவில்லை, அவனாகவே பாதியில் நின்றுவிட்டான்.

"நுவ்வா, சுந்தர்ராஜூ?" என்றார் கங்கையா. நீயா என்று.

டேப் இனி என்னிடம் கிடையாது. ஆழப் போர் வைத்திருக்கிற ஐந்து பேரும் பக்கத்து நிலத்துக்குப் பைப் போட்டுத் தண்ணீரைச் சரிபாதி விட வேண்டும். யாரும் புதுப் போர் போடக்கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் போர் இனிமேல் எனக்கும் பாப்பாத்திக்கும்.

ஜூன் 3

பைப் புதைத்தாயிற்று. பள்ளம் முழுக்க நானே தோண்டினேன். முதுகு விட்டுப்போயிற்று. இதனாலெல்லாம் சரியாகிவிடுமா?

ஜூலை 14

இரண்டு பேரும் கேழ்வரகு நட்டிருக்கிறோம். இன்று முதல் முறைத் தண்ணீர். ஆறு மணியிலிருந்து பத்தரை வரை அவளுக்கு, பிறகு மூன்று வரை எனக்கு.

பத்தரை ஆனது. வால்வு பக்கத்திலேயே நின்றேன், திருப்பவில்லை. இன்னும் கொஞ்சம் அவளுக்கே போகட்டும் என்று இருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். சேற்றுக் காலோடு வந்து செல்லில் மணி பார்த்தாள்.

"பத்தரைன்னா பத்தரைதான் அண்ணே. என் பங்கு போதும். நீயா பாத்து உட்றது எனுக்கு வேணாம்."

வால்வை அவளே என் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்கு பத்து இருவதுக்கே திருப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சரிம்மா என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.