கோளாறை முதலில் சொன்னேன்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். எங்கள் லயத்து வீட்டுக் கூரையில் மறுபடி ஒழுக்கு, கீழே குண்டான் வைத்தாச்சு. செய்ய வேண்டியவை: அம்மாவுக்கு முட்டித் தைலம், செருப்பு தைக்க, லேப்டாப் சார்ஜர் (மூணாறு ஜீப்காரரிடம் சொல்லிவிடணும்).

மேனேஜர் கூப்பிட்டார். வியாழக்கிழமை டைரக்டர்கள் வருகிறார்களாம். எங்கள் டீ பாக்டரியைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, மூடிவிட்டுக் கொழுந்தை லாரியில் வேறு எஸ்டேட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய. மெஷின்களைப் பற்றி நான் பேசணும், படம் போட்டு. அசிஸ்டென்ட் இன்ஜினியர் ஆனபின் முதல் பெரிய வேலை. பெருமைதான். கொஞ்சம் பயமும்.

அம்மாவுக்கு அந்த பாக்டரியில்தான் தூள் சலிக்கிற வேலை. "மூடிட்டா என்னைய மலைக்கு கொழுந்து கிள்ள அனுப்பிருவாங்க. இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்க ஏற? பாத்துப் பேசு பிள்ள."

ஜூலை 8, செவ்வாய்

மழை விடவில்லை. மெஷின் பிட்டர் முருகையா அண்ணாச்சியோடு பாக்டரி முழுக்கப் போட்டோ எடுத்தேன். இலை காயவைக்கிற டிரையரின் தகட்டில் ஓட்டை, ரோலர் அடியில் விரிசல், துருப்பிடித்த தூண். அண்ணாச்சி டார்ச் பிடித்தார். "இன்னும் கிட்டக்க எடு பாப்பா. கண்ணால பாத்தாத்தான துட்ட எடுப்பாங்க."

எங்கள் பாக்டரியில் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர்களிடம் கோளாறைத்தான் முதலில் சொல்வோம். ரொம்ப மோசமானது முதலில். ஒழுங்காக ஓடுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நேரம் ஏது. படங்களையும் அப்படியே அடுக்கினேன். புது டிரையர், பழுதுபார்க்கிற திட்டம், அதனால் வரும் லாபம் எல்லாம் கடைசியில்.

அம்மா முன்னால் ஒருதடவை பேசிக் காட்டினேன். தூங்கிவிட்டாள்.

ஜூலை 10, வியாழன்

நீலச் சேலை. புரொஜெக்டர் மக்கர் செய்யவில்லை, கரண்ட்டும் போகவில்லை.

ஓட்டைத் தகடு திரையில் வந்ததும் எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். விரிசலைப் பார்த்து வயதான டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆஹா, மனசில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். தூண் படத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். போதும், நன்றாகப் புரிந்தது, எந்த இன்ஜினியரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்றார் இங்கிலீஷில். திட்டம் இனிமேல்தான் சார் என்றேன். பனி இறங்குகிறது, இருட்டுமுன் மலை இறங்கணும் என்று எழுந்துவிட்டார்கள். கை கொடுத்தார்கள். அவர்களுக்கு வைத்த முந்திரிப் பருப்பு மிச்சம்.

திட்டத்தை மெயிலில் அனுப்பிவிட்டேன். படிப்பார்கள்.

ஜூலை 11, வெள்ளி

பதில் இல்லை. டிரையர் அரை நாள் நின்றது. சார்ஜர் வந்தது, ஆனால் பின் பொருந்தவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசியோடு.

மேனேஜர் சொல்லும்போது சிரித்த முகம். அவருக்கு மலையாளம் கலந்த தமிழ். "உன்டெ போட்டோ கண்டதும் தீருமானம் ஆயி. ரெண்டு வருஷமா அவங்களுக்கு சம்சயம். நீ பேசினதுல அதெல்லாம் போயி." பாராட்டுகிறார் மனுஷன். திட்டத்தை யாராவது படித்தார்களா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார்.

முதல் படத்திலேயே டிரையர் மாற்றினால் இந்த பாக்டரி ஓடும் என்று போட்டிருக்கலாம். ஒரே ஒரு வரி. அவர்கள் ஷிப்ட் மாற்ற வந்தவர்கள் இல்லை, மெஷினைத் தொடப் போகிறவர்களும் இல்லை. கோளாறு என்றால் எங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை. அவர்களுக்கு அதுவே முடிவு. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாளைக்கு ஆட்களிடம் நான்தான் சொல்லணுமாம். தமிழில். "நீ நல்லா பேசும்."

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. காலை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரையும் கொழுந்து வாட்டுகிற தளத்தில் நிற்க வைத்தார்கள். படம் இல்லை, மைக் இல்லை. சுற்றி வளைக்கவில்லை. முதல் வரியிலேயே சொன்னேன்: "அடுத்த மாசக் கடைசியோட பாக்டரிய மூடுதாங்க." அதற்குப் பிறகு தேயிலைக் காட்டு வேலை, பணிக்கொடை என்று என்னென்னவோ சொன்னேன். யார் காதிலும் விழுந்த மாதிரி இல்லை.

முருகையா அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் வந்தார். "அந்தப் புது டிரையர் படத்த காட்டலயா பாப்பா?"

"அதுக்குள்ள எந்திரிச்சிட்டாங்க அண்ணாச்சி."

"ம்." டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரையர் பக்கம் போனார். இன்றைக்கும் அது ஓடணுமே.

அம்மா பின்வரிசையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் சொன்னாள்.

"தெளிவாத்தான் சொன்ன பிள்ள. பின்னாடி இருந்த எனக்கே நல்லா வெளங்கிருச்சு."