நன்றி வரியில் என் பெயர்

என் அருமை மகளுக்கு, அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முட்டிவலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து துரை இஸ்திரி போடாத சட்டையைத் தொடுவதில்லை. இனி சொல்லப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆய்வகத்தைத் திறக்கப் போனபோது நோட்டீஸ் போர்டில் புதிதாக நாலு பக்கம் குத்தியிருந்தது. உன் சாருடைய ஆராய்ச்சிக் கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்திருக்கிறதாம். எனக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரியாது, ஆனால் படம் புரியுமே. வறண்ட குட்டை மண்ணில் கிடக்கும் இறால் முட்டைகள், ஓரம் உடைந்த நம்ம வெள்ளைத் தட்டு, அதில் நீ பென்சிலால் போட்ட எண்கள். அந்தத் தட்டை மூன்று வருஷம் கழுவியவள் நான், எனக்குத் தெரியாதா? மேலே எழுதியவர்கள் என்று இரண்டே பேர், சாரும் அவருடைய மருமகனும். அந்த மருமகன் நம்ம ஆய்வகத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தான், அன்றைக்கும் குடையை மறந்துவிட்டுப் போனான். உன் பேரைத் தேடித் தேடிக் கடைசி வரிக்கு வந்தால், நன்றி என்று போட்டு அங்கே என் பேர் இருக்கிறது. உன் பேர் இல்லை, என் பேர் இருக்கிறது.

நேரே அவர் அறைக்குப் போனேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே, இதெல்லாம் வழக்கம்தாம்மா, அவ எண்ணிக் குடுத்தா, யோசனை என்னோடது, அடுத்த கட்டுரையில போட்டுக்கலாம், உங்க பேர போட்டிருக்கேனே பாக்கலியான்னார். என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடுங்க சார்னேன். சிரித்தார். நீ மேல்படிப்புக்குக் கிளம்பிய அன்று உன் தலையில் கைவைத்து, இவ என் பொண்ணு மாதிரி, தைரியமா அனுப்புங்கன்னு சொன்ன அதே மனுஷன். நீ போன அடுத்த மாதமே கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார், முதல் பக்கத்திலேயே தேதி போட்டிருக்கிறது. உன்னை அங்கே அனுப்ப அவ்வளவு அவசரப்பட்டது எதற்கென்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாள் உன் அலமாரியைக் காலி பண்ணச் சொன்னார், பழைய காகிதத்தோடு போட்டுடுங்கன்னார். உன் ஒன்பது நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு எதிர்க்கட்டிட மேடத்திடம் போனேன். நீ முதலில் சேர ஆசைப்பட்டது அவரிடம்தான். அந்தம்மா சிடுமூஞ்சி, வேண்டாம், சாரை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும் என்று உன்னை மடக்கியது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது, உன்னிடம் அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. மேடம் நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். முட்டையை ரெண்டு தடவை காய வெச்சா அதிகமாப் பொரியும்ங்கறத இவளே யோசிச்சு எழுதியிருக்கா, தேதியோடன்னார். அவரே உட்கார்ந்து புகார் எழுத உதவினார். கையெழுத்து நான் போட்டேன். விசாரணைக் குழு என்னையும் மேடத்தையும் கூப்பிட்டது. நோட்டும் கட்டுரையும் ஒத்துப்போகிறது, ஆனால் நீ கைப்பட எழுதினால்தான் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப முடியும் என்கிறார்கள்.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பாட்டில் பெட்டிகளும் நானும்தான். அப்பா திட்டுவார் என்று நினைத்தேன், மத்தியானம் சாப்பாட்டை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

இனி யாரிடம் சேர்ந்தாலும் அவரிடம் முன்னால் படித்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசு. யார் பேர் எங்கே வரும் என்று முதலிலேயே கேள், கேட்டால் முகம் சுளிக்கிறவர் நமக்கு வேண்டாம். செய்த வேலையை வாராவாரம் எழுதி அனுப்பி வை. மகளே என்று கூப்பிடுகிறாரா என்று பார்க்காதே, மகளே. நான் அதைத்தான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. நேற்று அவர் கிடங்கு வாசலைத் தாண்டிப் போனார். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கால் கேட்கவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ நன்றாக இருக்கணும், உன் உழைப்பு உன் பேரிலேயே நிலைக்கணும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். அழுவதென்றால் அழுது முடித்துவிட்டு எழுது. இருபத்தெட்டாம் தேதிக்குள் குழுவுக்குக் கிடைக்க வேண்டும், மறக்காதே. எனக்காகப் பயந்து சுருக்கி எழுதாதே, நடந்ததை முழுசாக எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா