நீல டிரம்மில் கொட்டிய அரிசி

மாதனூர்,
புரட்டாசி, வியாழன்.

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நிஷா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்னதும் புனேயில் நலம்தானா என்று தெரியும்வரை எனக்கு உட்கார முடியவில்லை. போனில் கேட்கலாம்தான், நீ ஸ்பீக்கரில் போட்டதும் சம்பந்தியம்மா இருமுவது கேட்கிறது, அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. ஷூ கம்பெனியில் மெஷின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, அதனால்தான் இவள் கையெழுத்து. (அக்கா, நிஷா பேசுகிறேன். சமையல் அம்மாவுடையது, உப்பு காரம் என்னுடையது.)

வளைகாப்பன்று சம்பந்தியம்மா எல்லார் முன்னாலும், "பாலம் முழுகிட்டா அங்க சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க, புள்ளத்தாச்சிய எப்பிடி அனுப்புறது" என்று கேட்டார்களே, அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த வருட மழையில் பாலாறு தரைப்பாலத்தை மூடி, கடை கண்ணி இல்லாமல் நாம் கேழ்வரகுக் கூழையே குடித்துக் கிடந்ததை நீதான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு பை, துவரம்பருப்பு, எண்ணெய், மெழுகுவத்தி, உன் பிரசவ லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, வெல்லம். (வெள்ளத்துக்கு முன்னால் வெல்லம் வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் மளிகைக் கடை, மேலே அப்பா காவல்.) அரிசிக்கு எலி வருமென்று உன் அப்பா தோல் கம்பெனியிலிருந்து காலி நீல டிரம் ஒன்று கொண்டுவந்தார். நன்றாகத் தேய்த்துக் காயவைத்து, வாங்கி வைத்த மூட்டை அரிசி முழுவதையும் அதில் கொட்டினேன். நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்கா வந்தவர் அதைப் பார்த்துப் பதறிப்போய், "இன்னா யோகா, தோலுக்குப் போடுற மருந்து வந்த டிரம்மு இது, எங்க வூட்டுக்காரரு இதுல தண்ணிகூட புடிக்க வுடமாட்டாரு, பொண்ணுக்கு இத்தையா ஆக்கிப் போடப்போற?" என்றார். மூடியைத் திறந்தால் அரிசி வாசனையே இல்லை, மூக்கு எரிகிறது. அத்தனையும் குழி வெட்டிப் புதைத்தோம், கோழிக்குக்கூடப் போடவில்லை. உன் அப்பா "ஊர்ல எல்லாரும் வெச்சிக்கிறாங்களே" என்று முனகியதோடு சரி, என் முகத்தைப் பார்ப்பதில்லை. (நான் டிரம்மில் மண்டையோடு வரைந்து கீழே அப்பா பெயரில் 'கங்காதரன் அரிசி மண்டி' என்று எழுதினேன். அடி ஜாஸ்தி, சிரிப்பு கம்மி.)

மறுபடி அரிசி வாங்கி நசீமுன்னிசா அக்கா கொடுத்த தகர டின்னில் போட்டாயிற்று, ஆனாலும் மனசு அடங்கவில்லை. டின்னை மூடும்போதுதான் உறைத்தது. ஒரு மாதத்துக்குச் சோறு சேர்த்துவிட்டேன், பாலம் முழுகிக் கிடக்கும்போது உனக்கு வலி கண்டால் ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை எந்த டின்னில் சேர்த்து வைப்பேன்? சம்பந்தியம்மா கேட்டது சோற்றை, நானும் ரோஷத்தில் சோற்றையே பிடித்துக்கொண்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையா என்று ஊர் கேட்கும், கேட்கட்டும். நீ வர வேண்டாம் கண்ணு, நான் வருகிறேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன், ஐப்பசி பிறந்ததும் காட்பாடியில் ரயிலேறுகிறேன். சமையலறையில் எனக்கு ஒரு அடுப்பு விட்டுக்கொடுத்தால் போதும் என்று சம்பந்தியம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். (இதைச் சொல்லும்போது அம்மா அழுதது. எழுதாதே என்றது. எழுதிவிட்டேன்.)

தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நீயும் குழந்தையும் ரெண்டு உசுராகப் பிரிந்து நல்லபடியாக இருக்க வேண்டும்.

அதுவரை உட்காராத உன் அம்மா,
யோகலட்சுமி

பி.கு.: அக்கா, லேகியச் சாமான் முழுக்க உனக்கு மூட்டை கட்டியாகிவிட்டது. இங்கே மழைக்கு நானும் அப்பாவும் ஒரு தகர டின்னும். குழந்தை பிறந்ததும் முதல் போன் எனக்கு, அப்போது மட்டும் ஸ்பீக்கரில் போடு, அது அழுவதை அப்பாவும் கேட்கட்டும். - நிஷா