வாசித்துக் காட்டாத பத்திரம்

அன்பு மாறாத அருளப்பனுக்கு,

1. ராஜபாளையத்தில் குடியிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றங்களில் நாற்பத்து மூன்று ஆண்டுகளாக வழக்குரைஞர் தொழில் செய்துவரும், அறுபத்தேழு வயதான சங்கரலிங்கம் ஆகிய நான் இதை எழுதுகிறேன்.

2. இதைப் பெறவேண்டிய நீ, அதே நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து, ஊரார் பேச்சைப் பத்திரமாக்கித் தந்தவன். சென்ற மாசியில் காலமானவன்.

3. நமக்குள் இரத்த உறவு கிடையாது. நீ வேதக்கோயிலுக்குப் போகிறவன், நான் போகாதவன். ஆயினும் நீ என்னை மாப்ள என்றும் நான் உன்னை மாப்ள என்றும் கடைசிவரை அழைத்துக்கொண்டோம் என்பதை வளாகத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

4. கீழே எழுதுவதில் நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பிரித்தே சொல்வேன். இந்த எச்சரிக்கையை நான் மிகவும் தாமதமாகக் கற்றேன்.

உன் மேசை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. பத்திரங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அச்சாகி வெளியே விழுகின்றன. அடுத்த நிமிடம் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். நான் இன்னும் பேருந்தில்தான் வந்துபோகிறேன். நீதிமன்றப் படி ஏறும்போது நடுவில் இரண்டு முறை நிற்கிறேன். களைப்பாக இருக்கிறது மாப்ள. படியால் மட்டும் வந்த களைப்பு அல்ல இது.

நீ வாசித்துக்கொண்டே இருப்பாய், நினைவிருக்கிறதா? கைநாட்டு வைக்க வந்தவர் யாராக இருந்தாலும் எதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் சத்தமாகச் சொல்வாய். பின்னால் வரிசை நீளும். "ஏலே அருளப்பா, ஞாயித்துக்கிழம கோயில்ல வாசிச்சது பத்தலையா? இங்கயும் பிரசங்கமா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். "அவசரம்னா பஸ் ஸ்டாண்டுல போயி நில்லு, அங்க ஒருத்தரும் வாசிக்க மாட்டாவ" என்பாய். நான் சிரித்தேன். அது உன் பிறவிக் குணம் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் டென்மார்க்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோபன்ஹேகனில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலப் பத்திரங்களை டேனிஷ் மொழிக்கு மாற்றித் தருவது அவர் தொழில். அவருடைய கட்சிக்காரர் லெனே என்ற பெண். கைக்குழந்தையாக நம் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் விடப்பட்டு, அங்கிருந்து டென்மார்க்குக்குத் தத்துப் போனவள். இப்போது நாற்பதைத் தாண்டியவள், ஒரு பையனுக்குத் தாய்.

தன் பிறப்பைப் பற்றி அவளிடம் இருப்பது ஒரு பக்கக் காகிதம் மட்டுமே. அவளுடைய தாய் மாரியம்மாள் அவளை இல்லத்திடம் கொடுத்ததாகச் சொல்லும் ஆங்கிலப் பத்திரம் அது. தாயின் பெருவிரல் ரேகைக்குக் கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து டீக்கடை முத்தையா. அவர் உனக்கும் முன்பே போய்விட்டார். முதல் கையெழுத்து என்னுடையது.

மொழிபெயர்ப்பாளரின் கேள்வி அதிலிருந்த 'சரண்டர்' என்ற சொல்லைப் பற்றியது. நமக்கு அது அன்றாடம் புழங்கும் சொல். குற்றம் சாட்டப்பட்டவன் மாஜிஸ்திரேட் முன் சரண்டர் ஆகிறான். வாத்தியார் விடுப்பைச் சரண்டர் செய்கிறார். குடியிருந்தவர் கேஸ் இணைப்பைச் சரண்டர் செய்துவிட்டு ஊர் மாறுகிறார். தோற்ற படைக்கும் அதே சொல்தான். டேனிஷில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல்லாம். பிள்ளையைக் கொடுப்பதற்கே மூன்று சொற்களை எழுதிக் காட்டியிருந்தார். நம் எழுத்தில் ஏறக்குறைய இப்படி வரும்: இனி வேண்டாம் என்று கைவிடுவது ஓப்கிவே. உரிமையைச் சட்டப்படி மாற்றித் தருவது ஓவர்த்ராவே. ஒருவர் பொறுப்பில் விட்டுவைப்பது ஓவர்லாதே.

பழைய மொழிபெயர்ப்பில் யாரோ முதல் சொல்லைப் போட்டுவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்த நாள் முதல் லெனே அந்தச் சொல்லோடுதான் வளர்ந்திருக்கிறாள். இப்போது சரியான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "தாயின் மனத்தில் இருந்தது எது? அப்போது அருகில் இருந்த சாட்சி நீங்கள். நீங்கள் சொல்லும் சொல்லை எழுதுகிறேன்" என்று மொழிபெயர்ப்பாளர் கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை அன்று பல முறை படித்தேன். நான் அருகில் இருக்கவில்லையே, அருளப்பா.

நான் கண்டதைச் சொல்கிறேன். மாலை நேரம். கட்டுகளை இடுக்கிக்கொண்டு முன்சீப் கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். "மாப்ள, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ. இல்லத்து ஐயா அஞ்சு மணி வண்டிக்குப் போணுங்கார்" என்றாய். "என்ன பத்திரம்லே?" என்றேன். "ஏதோ புள்ள விசயம். இல்லத்துல குடுத்த மாதிரியப் பாத்து அடிச்சதுதான். போடு" என்றாய். நின்றபடியே போட்டேன். ரேகை மை இன்னும் காயவில்லை. ரேகை வைத்தவள் அங்கே இல்லை.

என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது. 'தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு, எங்கள் முன்னிலையில் ரேகை வைத்தார்' என்பது அதன் பொருள். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும் வரி. அதனாலேயே ஒருவரும் படிப்பதில்லை. கூப்பிட்ட நண்பனிடம் 'நான் பார்க்கவில்லையே' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் வளாகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உனக்கு நானும் எனக்கு நீயும் அப்படி எத்தனை போட்டிருப்போம்?

போன வாரம் லெனே நேரிலேயே வந்துவிட்டாள். மதுரையிலிருந்து வந்த கார் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகளுக்கு நடுவில் மாட்டி, ஒரு மணி நேரம் தாமதம். வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "என் அம்மா அழுதாரா? என்னைக் கையில் வைத்திருந்தாரா? உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது?"

"நெடுநாள் ஆகிவிட்டதம்மா" என்றேன். அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. ஆனால் அதை நான் ஒரு பொய்யாகவே பயன்படுத்தினேன்.

ஓவர்லாதே என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். நாற்பது ஆண்டுகளாகக் கைவிட்டவளாக இருந்த தாய், பொறுப்பில் விட்டுச் சென்ற தாயாகிவிடுவாள். மறுத்துப் பேச முத்தையா வரப்போவதில்லை, நீயும் வரப்போவதில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஏற்கெனவே ஒருமுறை அவள் விஷயத்தில் எழுதியவன் நான். உன் பழைய குறிப்பு நோட்டுகள் இருந்தால் பார்ப்போம் என்று சொல்லி, அவளை உன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நாளைத் தள்ளிப்போட அது ஒரு வழி.

உன் மனைவி ஞானம் முறத்தோடு வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணே. இந்த வெயில்லயா நடந்து வந்தீய?" என்றவள் லெனேயைப் பார்த்தாள். "இது யாரு? உடுப்பப் பாத்தா வெளிநாடு, மொகம் நம்ம மொகமால்ல இருக்கு?"

விவரம் சொன்னேன். மாரியம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் ஞானம் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தப் புள்ளையா இது?"

"உனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?"

"தெரியாம? அன்னைக்கி மத்தியானம் இங்கனதான இருந்தா. கோர்ட்டுல ஆம்பளைக கூட்டம், புள்ளைக்குப் பால் குடுக்க எடமில்லன்னு எங்க வீட்ல அவியதான் கொண்டாந்து விட்டாவ. இந்தா, இந்தச் செவுத்துலதான் சாஞ்சிருந்தா."

லெனே என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.

"மலைக்கு, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன்னா. புருசன் இல்ல. கைப்புள்ளையோட வந்தா அங்க சேக்க மாட்டாகளாம். 'ரெண்டு வருசம் இல்லத்துல வச்சிருக்கட்டும்க்கா, பொறவு வந்து கூட்டிக்கிடுதேன்'னா. அம்புட்டுதான் சொன்னா. அழுவல. செத்த நேரந்தான் இருந்தா. ரேகைய வச்சிட்டு வண்டியப் பிடிக்கணும்னு பறந்தா."

நான் நிறுத்தினேன். "நிறுத்தாதீர்கள்" என்றாள் லெனே. சொன்னேன்.

"ரெண்டு வருசமா?" என்று ஞானத்திடம் மறுபடியும் கேட்டேன்.

"ஆமாண்ணே. சொன்ன மாதிரி வந்தாளே."

"யாரு வந்தா?"

"மாரியம்மாதான். புள்ளைக்குப் பாவாட சட்ட எடுத்துட்டு வந்திருக்கா. இல்லத்துல, புள்ள இங்க இல்ல, வெளிநாடு போயிட்டுன்னுட்டாவ. நேரா மரத்தடிக்கு வந்து, 'நீங்கதான எழுதுனீய? என்ன எழுதுனீய? இப்ப வாசிங்க'ன்னு அவிய முன்னாடி உக்காந்துட்டாளாம். அன்னைக்கித்தான் நகல எடுத்து வாசிச்சிருக்காவ. வீட்டுக்கு வந்த மனுசனுக்கு மூணு நாளு சோறு எறங்கல. எங்கிட்ட சொன்னதே ஒரு வாரம் கழிச்சுத்தான். 'சங்கரலிங்கத்துகிட்ட மூச்சு விட்டுறாத, அவன் பேரும் அதுல இருக்கு'ன்னாவ."

இந்தப் பிற்பகுதி ஞானம் கண்டதல்ல. உன் வாயால் கேட்டது. அதையும் லெனேயிடம் பிரித்துச் சொன்னேன்.

லெனே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பாவாடை என்ன நிறம்?"

"அது தெரியலையே தாயி. அவிய சொல்லல" என்றாள் ஞானம். லெனே எழுந்து போய் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஞானம் சோறு போட உள்ளே போனாள். எனக்குத்தான் அந்த வீட்டில் எங்கே இருப்பது என்று தெரியவில்லை.

ஆக, நீ வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாங்கள் பிரசங்கம் என்று கேலி செய்த ஒவ்வொரு நாளும் உனக்குள் என்ன ஓடியது? ஏன் என்னிடம் சொல்லவில்லை, மாப்ள? என் பேரைக் காப்பாற்றவா? சொல்லியிருந்தால் அந்த வயதில் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். எப்படியாவது மூடி மறைக்கத்தான் வழி பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது. அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டாயா?

மறுநாள் பிரமாணப் பத்திரம் ஒன்றை எழுதினேன். நான் அருகில் இல்லை. ரேகை வைத்தவளை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு வாசித்துக் காட்டியதாக உள்ள வரி என்னைப் பொறுத்தவரை பொய். ஞானம் சொன்னதை ஞானம் சொன்னதாகவே சேர்த்து, அவளிடமும் தனியே கையெழுத்து வாங்கினேன். என் மகனும் வழக்குரைஞன்தான் என்பது உனக்குத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி எழுதிக் குடுக்கீங்க. உங்க நோட்டரி உரிமத்தப் புதுப்பிக்கிற நேரம் வேற. கொஞ்சம் யோசிங்க" என்றான். யோசித்துவிட்டேன் என்றேன். யோசித்த களைப்புத்தான் இது.

மொழிபெயர்ப்பாளருக்கு என் பதில் சுருக்கமானது. முதல் சொல்லை எடுத்துவிடுங்கள், மாரியம்மாள் அதைச் செய்யவில்லை. மூன்றாவது சொல்தான் அவள் மனத்தில் இருந்தது. ஆனால் அதைப் பத்திரத்துக்குள் எழுதாதீர்கள், நாங்கள் எழுதிய பத்திரம் அவ்வளவு இரக்கமானது அல்ல. உரிமையை மாற்றித் தரும் இரண்டாவது சொல்லையே போட்டு, என் பிரமாணத்தையும் ஞானத்தின் வாக்குமூலத்தையும் அதனோடு சேர்த்துத் தையுங்கள். அப்படியே செய்வதாக அவர் எழுதிவிட்டார்.

"நாற்பது வருடமாக ஒரு சொல்லை வெறுத்தேன். இனி நான் யாரை வெறுப்பது?" என்று லெனே கேட்டாள். "என்னையும் அருளப்பனையும்" என்றேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இக்கடிதத்தின் நகல் ஒன்றை வழக்குரைஞர் சங்கப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நேற்றுக்கூட ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஓர் இளைய வழக்குரைஞர் என்னிடம், "சார், ஒரு கையெழுத்து" என்று காகிதத்தை நீட்டினார். கைநாட்டு வைத்தவரை அழைத்து வரச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நீ வாங்கிய பழைய பழிப்பெல்லாம் இனி எனக்கு வரும், வரட்டும்.

மாரியம்மாளின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர், தேவதானத்துக்காரர் என்று ஞானத்துக்கு நினைவு. வியாழக்கிழமை லெனேயோடு நானும் ஞானமும் அங்கே போகிறோம். மாரியம்மாள் உயிரோடு இருக்கிறாளா என்பது யாருக்கும் தெரியாது. இருந்தால் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இல்லையென்றால் அவள் வீட்டாரைக் கூட்டி, அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து தமிழில் வாசிப்பேன். என் பெயருக்கு மேலே உள்ள வரியையும் விடமாட்டேன். நீ வாசித்த அளவுக்குச் சத்தமாக என்னால் முடியாது. ஆனால் நடுவில் நிறுத்தமாட்டேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

இக்கடிதம் இன்று உன் வீட்டில் தமிழில் முழுவதும் வாசிக்கப்பட்டு, லெனேக்கு ஆங்கிலத்தில் விளக்கப்பட்டது. கீழே கையெழுத்திட்டவர்கள் கடைசி வரி வரை இருந்து கேட்டார்கள்.

இங்ஙனம்,
உன் மாப்பிள்ளை
சங்கரலிங்கம்

சாட்சிகள்:
1. ஞானம், அருளப்பன் மனைவி
2. லெனே, மாரியம்மாள் மகள்